“ஸ்பானிஷ்ல மாத்திக் கொடுத்துடுங்க”: உடல்நல இணையப் பக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் நோயாளிகளுக்கான இணையப் பக்கங்களைக் கவனிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். எங்கள் போர்ட்டலைக் கட்டுகிறவர்களில் பாதிப்பேர் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள். “ஸ்பானிஷ்ல மாத்திக் கொடுத்துடுங்க” என்று ஒற்றை வரியில் அவர்களுக்கு டிக்கெட் (வேலைக் கோரிக்கை) போகும். அன்று ராத்திரி அழைப்பில் அதே கேள்விகள் மறுபடி வரும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு வழியாக எழுதி வைத்துவிட்டேன். ஸ்பானிஷ் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். உச்சரிப்பில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில்தானே இருக்கிறார்கள், ஆங்கிலம் தெரியாதா?

பலருக்குத் தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்) என்று குறித்தவர்கள் சுமார் 6.2 கோடி. வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 4 கோடிக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆங்கிலமும் நன்றாக வரும் என்றே சொல்கிறார்கள்.

ஆனால் வங்கியில் பேசுகிற ஆங்கிலம் வேறு, வயிற்றுவலிக்குப் பேசுகிற ஆங்கிலம் வேறு. நெஞ்சு கரிக்கிறது, வயிறு பிசைகிறது, கால் குடைகிறது, கண் மணல் போட்டது மாதிரி உறுத்துகிறது: இவற்றை ஆங்கில டாக்டரிடம் சொல்லிப் பாருங்கள். இருபது வருடம் இங்கே இருந்த பிறகும் எனக்கு “குடைகிறது” என்பதற்குச் சரியான சொல் கிடைத்தபாடில்லை. அவர்களுக்கும் அதே கதிதான்.

2003-ல் நடந்த தேசிய எழுத்தறிவு ஆய்வில், உடல்நலத் தகவலைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனில் ஹிஸ்பானிக் பெரியவர்களில் 41% பேர் அடிப்படை நிலைக்கும் கீழே என்று முடிவு வந்தது. இதை இன்றும் கூட்டங்களில் எடுத்துக் காட்டுவார்கள். படிக்கக் கொடுத்த தாள்கள் ஆங்கிலத்தில் இருந்தன என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஸ்பானிஷில் ஏற்கெனவே நல்ல தளங்கள் இல்லையா? நாம் ஏன் எழுத வேண்டும்?

இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998-ல் மெட்லைன்பிளஸ் தளத்தைத் தொடங்கியது. 2002-ல் அதன் ஸ்பானிஷ் பதிப்பு வந்தது. விளம்பரம் கிடையாது, காசு கிடையாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகள், மருந்து விவரம், பரிசோதனை விவரம் எல்லாம் இரண்டு மொழியிலும் உண்டு. மருத்துவமனையின் மின்பதிவேட்டிலிருந்து நேரே அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க மெட்லைன்பிளஸ் கனெக்ட் என்று ஒரு வசதியும் உண்டு. நோயின் குறியீட்டு எண்ணை அனுப்பினால் அதற்குரிய ஸ்பானிஷ் பக்கத்தைத் திருப்பித் தரும். குழந்தைகள் விஷயத்துக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் தளம், பொதுவாகப் பார்க்க எம்எஸ்டி மருத்துவக் கையேட்டின் பொதுமக்கள் பதிப்பு, புற்றுநோய்க்குத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்பானிஷ் தளம்.

ஆகவே “நீரிழிவு என்றால் என்ன” என்று நாம் புதிதாக எழுதத் தேவையே இல்லை. இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம். நாம் எழுத வேண்டியது அந்தத் தளங்கள் எழுத முடியாததை: எந்த மாடிக்கு வர வேண்டும், முந்தின ராத்திரி என்ன சாப்பிடக்கூடாது, இன்சூரன்ஸ் இல்லையென்றால் யாரைப் பார்ப்பது, ராத்திரி 2 மணிக்குத் தையல் பிரிந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது. விந்தை என்னவென்றால், பெரும்பாலான மருத்துவமனைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. நீரிழிவுக்கு நாற்பது பக்கம் ஸ்பானிஷில் இருக்கும்; பார்க்கிங் எங்கே என்பது ஆங்கிலத்தில் இருக்கும்.

மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ஒரு நிமிஷ வேலை. அது போதாதா?

இதுதான் எல்லோரும் கேட்பது. பதில் கொஞ்சம் நீளம்.

2021 ஜனவரி. கொரோனா தடுப்பூசி வந்த புதிது. வர்ஜீனியா மாநில சுகாதாரத் துறையின் கேள்வி பதில் பக்கத்தில் “தடுப்பூசி கட்டாயம் இல்லை” என்று ஆங்கிலத்தில் இருந்தது. தளத்தில் மாட்டியிருந்த தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஸ்பானிஷில் “தடுப்பூசி தேவையில்லை” என்று காட்டியது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. அரசாங்கமே “வேண்டாம்” என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. மொழி தெரியாதவர் எத்தனை தடவை பார்த்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது.

இன்னொன்று, இதைவிடச் சின்னது, இதைவிட ஆபத்தானது. ஒரு நாளைக்கு “ஒருமுறை” என்பதற்கான ஆங்கிலச் சொல்லும், ஸ்பானிஷில் “பதினொன்று” என்பதற்கான சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ்’, ஸ்பானிஷில் ‘ஓன்சே’. மாத்திரை லேபிளில் மற்றதெல்லாம் ஸ்பானிஷில் மாறி, அந்த ஒரு சொல் மட்டும் மாறாமல் நின்றுவிட்டால், ரத்த அழுத்த மாத்திரை நாளைக்குப் பதினொன்று. நியூயார்க்கின் ப்ராங்ஸ் பகுதி மருந்துக்கடைகளில் ஆராய்ந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, கணினி போட்ட 76 ஸ்பானிஷ் லேபிள்களை எடுத்துப் பார்த்தது. பாதியில் பிழை. பெரும்பாலானவை அரைகுறை: பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம்.

காப்பீட்டுக்காக அரசு தொடங்கிய ஸ்பானிஷ் தளமும் தப்பவில்லை. ஆங்கிலத் தளம் 2013 அக்டோபரில் வந்தது, ஸ்பானிஷ் தளம் டிசம்பரில்தான் வந்தது. வந்த பிறகு, கணினி எழுதின மாதிரி இருக்கிறது என்று செய்தி நிறுவனங்கள் எழுதின. பிரீமியம் என்பதற்கு அவர்கள் போட்ட சொல் ‘ப்ரீமா’. அகராதிப்படி சரி. ஆனால் தெருவில் ‘ப்ரீமா’ என்றால் சித்தப்பா மகள், மாமா மகள். “உங்கள் மாமா மகளை மாதாமாதம் கட்ட வேண்டும்” என்று படித்தால் யாருக்குத் தளத்தின் மேல் நம்பிக்கை வரும்?

இப்போதைய கருவிகள் அந்தக் காலத்துக் கருவிகளைவிட எவ்வளவோ மேல். நானும் முதல் வரைவுக்குப் பயன்படுத்துகிறேன். பழைய கருவியின் பிழை பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். புதியதன் பிழை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும். ஆகவே மனிதர் ஒருவர் பார்க்காமல் வெளியே விடாதீர்கள். ‘மனிதர்’ என்றால் குழுவில் ஸ்பானிஷ் படித்த யாரோ அல்லர், மருத்துவ மொழிபெயர்ப்பில் தகுதி பெற்றவர்.

எந்த ஸ்பானிஷில் எழுதுவது? இருபது நாட்டு ஸ்பானிஷ் இருக்கிறதே?

முதலில் உங்கள் வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஹூஸ்டனில் மெக்சிகோ, எல் சால்வடோர், ஹோண்டுராஸ். மயாமியில் கியூபா, வெனிசுவேலா. நியூயார்க்கில் புவேர்த்தோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு. நாகர்கோவில்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே நாளிதழைப் படித்துப் புரிந்துகொள்வதுபோல இவர்களும் பொதுவான ஒரு ஸ்பானிஷைப் படித்துவிடுவார்கள். சிக்கல் வருவது உடம்பைப் பற்றிய சொற்களில்.

‘கொன்ஸ்திபாதோ’ என்றால் ஸ்பெயினில் ஜலதோஷம். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் மலச்சிக்கல். ‘குவாகுவா’ என்றால் கியூபாவில் பஸ், சிலியில் கைக்குழந்தை. ஃப்ளூ காய்ச்சல் மெக்சிகோவில் ‘கிரீபா’, வேறு இடங்களில் ‘கிரீபே’. ‘செகூரோ’ என்பது இன்சூரன்ஸும் ஆகும், பாதுகாப்பானது என்றும் ஆகும். தடுப்பூசிப் பக்கத்தில் இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழப்பம்தான். ‘உங்களுக்கு எந்த மருந்தாவது ஒவ்வாதா’ என்ற கேள்விக்கு ‘த்ரோகா’ என்று போட்டுவிட்டால், “நான் போதை மருந்தெல்லாம் தொடுவதில்லை” என்று கோபமாக ‘இல்லை’யில் குறித்துவிடுவார்கள். பென்சிலின் அலர்ஜி உள்ளவரும் அப்படியே குறிப்பார்.

ஒரு சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கு உண்டு. 1980, ஃபுளோரிடா. கியூபா வம்சாவளியைச் சேர்ந்த 18 வயதுப் பையனை மயக்க நிலையில் கொண்டுவருகிறார்கள். வீட்டார் ‘இந்தொக்ஸிகாதோ’ என்றார்கள். கியூபா ஸ்பானிஷில் அதன் பொருள், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது. மருத்துவர்கள் ஆங்கிலக் காதால் கேட்டு, போதை மருந்து மிகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ரத்தக் கசிவு என்று தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. பையனுக்குக் கை கால் நான்கும் விழுந்துவிட்டன. சுமார் 71 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. இரண்டு பக்கமும் அந்தச் சொல் தங்களுக்குப் புரிந்ததாகவே நினைத்ததால், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

நமக்குச் சட்டென்று பிடிபடும் சொல்லும் ஒன்று உண்டு. மெக்சிகோக்காரர் நீரிழிவு இருக்கிறது என்பதை ‘தெங்கோ அசூகார்’ என்பார்: “எனக்குச் சர்க்கரை இருக்கு.” அப்படியே நம் ஊர்ப் பேச்சு. தேடும்போதும் அப்படித்தான் தட்டச்சு செய்வார்கள். உங்கள் பக்கத்தின் தலைப்பில் மருத்துவச் சொல் மட்டும் இருந்தால் அவர்கள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. மருந்தைத் தேடும்போது மருந்தின் பெயரோடு ‘பாரா கே சிர்வே’ என்று சேர்ப்பார்கள், அதாவது ‘எதுக்கு நல்லது’. அந்த மூன்று சொல்லும் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

‘நீ’யா, ‘நீங்கள்’ஆ?

ஆங்கிலக்காரருக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆகும், நமக்கு வேண்டாம். ‘உஸ்தெத்’ நீங்கள், ‘தூ’ நீ. நாட்டுக்கு நாடு பழக்கம் மாறினாலும் உடல்நலப் பக்கத்தில் ‘உஸ்தெத்’ போடுங்கள். பதின்வயதினருக்கான பக்கத்தில் ‘தூ’ ஆகட்டும். ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து வந்தால் அது கருவி எழுதினது என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அளவு, தேதி, காய்ச்சல் எண்: இவற்றில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். சொல் தவறினால் வாசகர் முகம் சுளித்து விலகுவார். எண் தவறினால் அப்படியே கடைப்பிடிப்பார்.

கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘குச்சராதா’ என்றால் பெரிய கரண்டி, 15 மில்லி. ‘குச்சராதீத்தா’ என்றால் தேக்கரண்டி, 5 மில்லி. நடுவில் ஓர் அசை, மருந்து மூன்று மடங்கு. ராத்திரி அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபோன் திரையில் இதைப் படிக்கிற அம்மாவுக்கு அந்த அசை தெரியுமா? 2015-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி திரவ மருந்துக்குக் கரண்டிக் கணக்கே வேண்டாம், மில்லி மட்டும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டது. நாங்கள் மில்லியை எழுதி, ஊசியில்லாத சிரிஞ்சில் அந்தக் கோடு வரை நிறைந்திருக்கிற படத்தையும் போடுகிறோம். (நம் வீடுகளில் சங்கிலும் பாலாடையிலும் மருந்து புகட்டியவர்கள் எந்தக் கோட்டைப் பார்த்தார்கள் என்று நான் அம்மாவிடம் கேட்டதில்லை.)

காய்ச்சல். அமெரிக்காவில் ஃபாரன்ஹீட். மெக்சிகோவிலிருந்தோ ஹோண்டுராஸிலிருந்தோ வந்தவர் கையிலிருக்கும் வெப்பமானி செல்சியஸ். மூன்று மாதத்துக்குள்ளான கைக்குழந்தைக்கு 100.4 வந்தால் உடனே டாக்டரை அழைக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால், 38-ஐப் பார்த்துவிட்டு “நூறு எங்கே, முப்பத்தெட்டு எங்கே” என்று நிம்மதியாகத் தூங்கப் போவார். இரண்டையும் எழுதுங்கள், செல்சியஸை முதலில்.

தேதி: 05/06 என்றால் அமெரிக்காவில் மே 6. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு, நம்மைப் போலவே, ஜூன் 5. அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் கழித்து வந்து நின்றவர்கள் உண்டு. மாதத்தை எழுத்தால் எழுதினால் தீர்ந்தது. தசமத்துக்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியும் புள்ளி வைக்கும், தென் அமெரிக்காவின் பெரும்பகுதி காற்புள்ளி வைக்கும். முடிந்தவரை தசமமே வராதபடி எழுதுகிறோம்.

மருந்தின் பெயர் எங்கும் ஒன்றுதானே?

இல்லை. நாம் பாரசிட்டமால் என்கிறோம், மெக்சிகோவும் அப்படியே. அமெரிக்காவில் அதற்குப் பெயர் அசிட்டமினோஃபென், கடையில் டைலனால். கொலம்பியாவிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்தவர்களுக்கு அசிட்டமினோஃபென் பழக்கமான பெயர்தான், மெக்சிகோக்காரருக்கு இல்லை. அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பாரசிட்டமாலும் போடுவார், டாக்டர் எழுதின டைலனாலும் போடுவார், ஜலதோஷத்துக்கென்று வாங்கிய சிரப்பிலும் அதுவே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம். மூன்றையும் கூட்டினால் எளிதாகத் தாண்டிவிடும், பாதிக்கப்படுவது கல்லீரல். எங்கள் பக்கத்தில் மூன்று பெயரையும் ஒரே வரியில், “இவை மூன்றும் ஒரே மருந்து” என்று போட்டிருக்கிறோம். ஆங்கிலப் பக்கத்தில் இந்த வரி கிடையாது, அங்கே தேவையுமில்லை. இப்படி ஆங்கில மூலத்தில் இல்லாத வரிகள்தான் ஸ்பானிஷ் பக்கத்தின் உயிர்.

மெட்டமிசோல் இன்னொன்று. மெக்சிகோவில் வலிக்கும் காய்ச்சலுக்கும் சர்வசாதாரணமாக வாங்குவார்கள். ரத்த வெள்ளணுக்கள் ஆபத்தான அளவு குறையக்கூடும் என்பதால் அமெரிக்கா 1977-ல் விலக்கிக்கொண்டது. இங்கே டாக்டர்கள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. நோயாளியும் ‘சாதாரண மாத்திரைதானே’ என்று சொல்வதில்லை. ஆகவே பக்கம்தான் கேட்க வேண்டும்.

நாட்டு வைத்தியத்தைப் பற்றி எழுதலாமா?

எழுதத்தான் வேண்டும், கிண்டல் இல்லாமல்.

குழந்தை சாப்பிடாமல் வயிறு உப்பிக் கிடந்தால் நம் பக்கத்தில் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவார்கள். மெக்சிகோவில் அதற்குப் பெயர் ‘எம்பாச்சோ’: சாப்பிட்டது வயிற்றில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்பட்டால் ‘மால் தே ஓஹோ’. குழந்தை பயந்துகொண்டால் ‘சூஸ்தோ’. நான் இந்த மூன்று சொல்லையும் முதன்முதலாகக் கேட்டபோது எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தி ஸ்பானிஷ் பேசுவதுபோல் இருந்தது.

வயிற்றைத் தடவிவிடுவதிலும், சீமைச்சாமந்தி போட்ட வெந்நீர் கொடுப்பதிலும் பெரிய கெடுதல் இல்லை. எம்பாச்சோவுக்கென்று கொடுக்கும் இரண்டு பொடிகள்தான் விஷம். ‘அசார்கோன்’ ஆரஞ்சு நிறம், ‘கிரேத்தா’ மஞ்சள். இரண்டுமே ஈயத்தின் ஆக்சைடு, பெரும்பகுதி ஈயமேதான். 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஈய நச்சு ஏறியதற்கு இவை காரணம் என்று பதிவாகியிருக்கிறது. “நாட்டு மருந்துகளைத் தவிர்க்கவும்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பாட்டியைத் திட்டினதாகவே எடுத்துக்கொள்வார்கள். பொடியின் பெயரையும் நிறத்தையும் சொல்லி, இதில் ஈயம் இருக்கிறது, கொடுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யலாம், யாரும் உங்களைக் குற்றம் சொல்லமாட்டார்கள் என்று எழுதுங்கள். கடைசி வாக்கியத்தை வெட்டச் சொல்வார்கள். விடாதீர்கள்.

எளிமையாக இருக்கிறதா என்று அளக்க ஏதாவது கருவி?

எந்த வகுப்புப் படித்தவருக்குப் புரியும் என்று கணக்கிட ஆங்கிலத்துக்குள்ள வகுப்புநிலைச் சூத்திரத்தை ஸ்பானிஷில் ஓட்டாதீர்கள். ஸ்பானிஷ் சொற்களில் இயல்பாகவே அசைகள் அதிகம். ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் கல்லூரிப் பாடம் என்று காட்டும். ஃபெர்னாந்தேஸ் உவேர்த்தா 1959-ல் ஸ்பானிஷுக்கென்று மாற்றியமைத்த சூத்திரம் இருக்கிறது, அதற்குப் பிறகு இன்ஃபிளெஸ் அளவுகோலும் வந்தது. எதை வைத்தும் ஒரு தோராயம்தான் கிடைக்கும்.

எங்களுக்கு உண்மையில் உதவுவது வாய்விட்டுப் படிக்கச் சொல்வது. நூலகத்தில் ஒரு அறை, நாலைந்து பேர், காபி, ரொட்டி. ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கான குறிப்பில் ‘என் அயூனாஸ்’ என்றிருந்தது, வெறும் வயிற்றில். மிகச் சரியான, எல்லோருக்கும் தெரிந்த சொல். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா சரளமாகப் படித்துவிட்டுக் கையிலிருந்த கோப்பையை உயர்த்திக் கேட்டார்: “இது குடிக்கலாம்ல? பால் இல்லையே.” மற்ற மூன்று பேரும் குடிக்கலாம் என்றே தலையாட்டினார்கள். காபி குடித்தால் வயிறு வெறும் வயிறு இல்லை என்பது எங்கள் ஊரிலும் நிறையப் பேர் ஒத்துக்கொள்ளாத விஷயம். அன்று அந்த வரியை மாற்றினோம்: “இரவு 10 மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும். காபியும் கூடாது, கறுப்புக் காபியும் கூடாது.” எந்தச் சூத்திரமும் இதைச் சொல்லியிருக்காது.

எல்லா ஹிஸ்பானிக் குடும்பத்துக்கும் ஸ்பானிஷ் தாய்மொழியா?

இல்லை. மெக்சிகோவின் ஒஹாக்காவிலிருந்து கலிஃபோர்னியா வயல்களுக்கு வந்தவர்களில் பலர் வீட்டில் பேசுவது மிஸ்தேக்கோ, சப்போத்தேக்கோ. குவாத்தமாலாக்காரர்களில் மாம், கிச்சே. ஸ்பானிஷ் அவர்களுக்கு இரண்டாம் மொழி, எழுத்தில் இன்னும் தூரம். அவர்களுக்கு எழுத்துப் பக்கத்தைவிட ஒலிப்பதிவும் சின்ன வீடியோவும் பயன்படும். எல்லாவற்றையும்விட ‘ப்ரொமோதோராஸ்’ எனப்படும் பெண்கள் பயன்படுவார்கள். நம் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரும் தெரு அக்காவும் சேர்ந்த மாதிரி, வீடு வீடாகப் போய்ப் பேசுகிறவர்கள். அவர்கள் ஃபோனில் காட்டத் தோதாகப் பக்கம் இருந்தாலே போதும்.

வாட்ஸ்அப்?

ஆமாம், நம்மைப் போலவே. பியூ ஆய்வு மையம் 2023-ல் கேட்டதில் ஹிஸ்பானிக் பெரியவர்களில் 54% பேர் வாட்ஸ்அப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். உங்கள் பக்கம் அங்கே பகிரப்படும்போது தலைப்பும் ஒரு வரியும் மட்டும் தெரியும். அந்த ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும், ஏனென்றால் அதை யாரும் மொழிபெயர்ப்புக்கு அனுப்பியிருக்கமாட்டார்கள். எங்கள் தளத்தில் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது.

பேத்தி படித்துச் சொல்கிறாளே, அது போதாதா?

பக்கத்தைப் படித்துச் சொல்வதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் மருத்துவமனைக்குள் 18 வயதாகாத பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தக்கூடாது என்று, அவசரகாலம் தவிர, உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவின் விதிகள் சொல்கின்றன. பத்து வயதுப் பிள்ளை அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றி அம்மாவுக்கே சொல்வதை நேரில் பார்த்திருந்தால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள். “இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், கேட்டு வாங்குவது உங்கள் உரிமை” என்ற வரி ஒவ்வொரு ஸ்பானிஷ் பக்கத்தின் மேற்பகுதியிலும் இருக்கட்டும். அடியில் சின்ன எழுத்தில் போடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025-ல் எல்லாம் ரத்தாகிவிட்டது என்றார்களே?

2000-ல் அதிபர் கிளின்டன் போட்ட 13166-ஆம் எண் உத்தரவு, அரசு அமைப்புகள் ஆங்கிலம் போதாதவர்களுக்கும் சேவை எட்டும்படி செய்ய வேண்டும் என்றது. 2025 மார்ச் 1 அன்று ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த உத்தரவு அதை ரத்து செய்தது. அது நிர்வாக உத்தரவு. 1964-ன் குடிமை உரிமைகள் சட்டமும், 2010-ன் உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றியவை. ஓர் உத்தரவில் அவை போய்விடாது. 1557-க்கான 2024 விதிகளில் நம் வேலைக்கு நேராக ஒரு வரி இருக்கிறது: உரிமை, பலன், சிகிச்சை பற்றிய முக்கியமான எழுத்தை எந்திரம் மொழிபெயர்த்திருந்தால் தகுதியுள்ள மனித மொழிபெயர்ப்பாளர் சரிபார்க்க வேண்டும். டிக்கெட்டை மூட அவசரப்படுத்தும் மேலாளருக்கு அந்த வரியை அனுப்புங்கள்.

எனக்கு ஸ்பானிஷே தெரியாது. சென்னையில் உட்கார்ந்து எதைச் சோதிப்பது?

நிறைய. மொழி தெரியாதவர் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள்தான் பாதிக்குப் பாதி.

பக்கத்தின் மொழிக்குறி ஸ்பானிஷ் என்று இருக்கிறதா பாருங்கள். ஆங்கிலம் என்று இருந்தால், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் ஸ்பானிஷ் எழுத்தை ஆங்கில உச்சரிப்பில் படிக்கும், கேட்கச் சகிக்காது. மொழி மாற்றும் பொத்தானில் ‘எஸ்பஞோல்’ என்று அவர்கள் எழுத்தில் இருக்கட்டும், கொடி வேண்டாம். எந்த நாட்டுக் கொடியைப் போட்டாலும் மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது தங்களுடையது இல்லை. பொத்தானை அழுத்தினால் அதே பக்கத்தின் ஸ்பானிஷ் வடிவம் வர வேண்டும், முகப்புப் பக்கத்துக்குத் தூக்கி எறியக்கூடாது. ஸ்பானிஷ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளம். பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்படும். தமிழில் தளம் கட்டியவர்களுக்கு இந்த வலி தெரியும்.

‘ஞ’ ஒலிக்குரிய எழுத்து ஒன்று ஸ்பானிஷில் உண்டு, ‘ன’வுக்கு மேல் ஓர் அலை போட்டது. அந்த அலை எழுத்துருவிலோ தரவுத்தளத்திலோ தொலைந்துபோனால் ‘ஆஞோ’ ‘ஆனோ’ ஆகிவிடும். முன்னது வருடம். பின்னது ஆசனவாய். “உங்களுக்கு எத்தனை வயது” என்ற எளிய கேள்வி என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். நாம் பள்ளிக்கும் பல்லிக்கும் சிரிக்கிறோம். இது நோயாளி நிரப்பும் படிவத்தின் முதல் கேள்வி.

பிறகு ஒவ்வொரு இணைப்பையும் அழுத்துங்கள். ஆங்கிலப் பிடிஎஃப்பில் போய் முட்டுகிறதா? பக்கத்திலுள்ள தொலைபேசி எண்ணை உண்மையாகவே அழையுங்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் அருமையான ஸ்பானிஷ் பக்கம் ஒன்று இருந்தது, எழுதியவர் கைதேர்ந்தவர். கடைசியில் “கேள்விகள் இருந்தால் அழையுங்கள்” என்று ஓர் எண். அழைத்தால் இரண்டரை நிமிஷம் ஆங்கிலப் பதிவு ஓடிய பிறகுதான் ஸ்பானிஷுக்கு எண் 2-ஐ அழுத்தச் சொல்லும், அதையும் ஆங்கிலத்தில். எட்டு மாதம் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. தற்கொலைத் தடுப்புக்கான 988 எண்ணில் ஸ்பானிஷுக்கு 2-ஐ அழுத்தலாம், 2023 ஜூலையிலிருந்து குறுஞ்செய்தியும் அரட்டையும்கூட ஸ்பானிஷில் உண்டு. அதைப் பக்கத்தில் போடும்போது 2-ஐயும் சேர்த்து எழுதுங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை புதுப்பிப்பது?

ஆங்கிலப் பக்கத்தில் ஒரு சொல் மாறினால் அன்றே. நடைமுறையில், ஆங்கிலத்தைத் திருத்துகிறவருக்கு ஸ்பானிஷ் பக்கம் ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. மருந்தின் அளவு ஆங்கிலத்தில் புதியதாகவும் ஸ்பானிஷில் போன வருடத்ததாகவும் நிற்கும். எங்கள் அமைப்பில் இப்போது ஒரு பூட்டுப் போட்டிருக்கிறோம்: ஸ்பானிஷ் வடிவம் சரிபார்க்கப்பட்டதாகக் குறிக்காதவரை ஆங்கிலத் திருத்தமும் வெளியே போகாது. முதல் வாரம் எல்லோரும் என்மேல் எரிந்து விழுந்தார்கள். அந்தப் பூட்டுக்கான நிரலை எழுதியது கோவையில் இருக்கும் ஒரு தம்பி. ஸ்பானிஷில் அவருக்கு ஓர் எழுத்து தெரியாது.